தத்துப்பூச்சியை அடையாளம் காண எந்தப் புத்தகம் வாங்குவது?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பூ எடுக்கும் நேரத்தில் மாமரத்தில் மொய்க்கிற தத்துப்பூச்சியும், வரப்புத் துவரையில் முள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற கொம்பு வைத்த பூச்சியும் என்ன இனம் என்று சரியாகப் பேர் சொல்ல ஆசை, அதற்கு ஒரே ஒரு புத்தகம் வாங்குவதென்றால் எது, டிஸ்டன்ட் எழுதிய பழைய ஆங்கிலத் தொகுதியின் மறுபதிப்பு ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று.

வாங்காதீர்கள் தம்பி. முதல் காரணம் காசு. அந்த ஏழு தொகுதிகளும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்கிற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகவே கிடக்கின்றன. இரண்டாவது காரணம், நீங்கள் கேட்கிற வேலைக்கு அந்தப் புத்தகம் ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாலக்கோட்டில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் நான்காம் தொகுதியைத் தபாலில் வரவழைத்து, அரை மாதச் சம்பளம் போச்சே என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, ராத்திரி ராத்திரியாகப் படத்தோடு பூச்சியை ஒப்பிட்டு நாற்பது பூச்சிக்குப் பேர் எழுதி ஒட்டினேன். அப்புறம் பெங்களூரில் இந்தப் பூச்சிகளோடே காலம் தள்ளுகிற ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினால், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே, "பதினொன்று தேறும்" என்றார். மற்றதில் பாதி பெண் பூச்சி, பேரே சொல்ல முடியாது. மீதி, நிறத்தைப் பார்த்து நான் ஏமாந்தவை.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பத்திர ஆபீஸ் கணக்கில் பார்த்தால் டிஸ்டன்ட்டின் தொகுதி மூலப்பத்திரம். அது இல்லாமல் எதுவும் இல்லை, ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கணும், பட்டா பார்க்கணும், கடைசியில் புலப்படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லு எங்கே இருக்கிறது என்று நேரில் பார்க்கணும். தத்துப்பூச்சி நூல்களும் இப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கின்றன. எதை எதற்கு எடுப்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வில்லியம் லூகஸ் டிஸ்டன்ட் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தோடு வேலை செய்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் என்ற வரிசையில் ரிங்கோட்டா, அதாவது உறிஞ்சும் வாய் கொண்ட பூச்சிகள் பற்றி, 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகள் எழுதினார். உங்கள் மாமரத்துப் பூச்சி சேர்ந்த இலைத் தத்துப்பூச்சிகள் 1908இல் வந்த நான்காம் தொகுதியிலும் 1918இல் வந்த ஏழாம் தொகுதியிலும் இருக்கின்றன. மரத் தத்துப்பூச்சிகளுக்கு, அதாவது உங்கள் துவரையில் இருக்கிற கொம்புப் பூச்சிக் கூட்டத்துக்கு, நான்காவதையும் 1916இல் வந்த ஆறாவதையும் பார்க்கணும். மனிதர் அசுர உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் குண்டூசியில் குத்திக் கப்பலில் வந்த காய்ந்த பூச்சி. நிறம், தலையின் வடிவம், இறக்கை நரம்பு, இவற்றை வைத்துத்தான் எழுதினார். ஆண் பூச்சியின் அடிவயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான் இன்றைக்கு இனம் பிரிக்கிறார்கள், அந்தப் படம் அவர் புத்தகத்தில் கிடையாது. அதைப் படம் போட்டுக் காட்டும் பழக்கம் இந்தியத் தத்துப்பூச்சிகளுக்கு ஹேம் சிங் புரூதி 1930களில் எழுதிய கட்டுரைகளில் இருந்துதான் நன்றாகப் பிடித்தது.

பேர் மாறுகிற கதைக்கு உங்கள் ஊர் வெண்டை, பருத்திக் காட்டில் இருக்கிற பச்சைத் தத்துப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக் கடையில் ஜாசிட் என்பார்களே, அதுதான். டிஸ்டன்ட் 1918இல் அதற்கு எம்போஸ்கா டிவாஸ்டன்ஸ் என்று பேர் வைத்தார். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1913இல், தைவானிலிருந்து வந்த அதே பூச்சிக்கு இஷிடா என்பவர் பைகுட்டுலா என்று பேர் வைத்துவிட்டார். முந்தினவர் வைத்த பேர்தான் செல்லும் என்பது விதி. நடுவில் பேரினமும் மாறியது. அதனால் பழைய விவசாயத் துண்டுப் பிரசுரத்தில் எம்போஸ்கா டிவாஸ்டன்ஸ், கொஞ்சம் பிந்தியதில் அம்ராஸ்கா டிவாஸ்டன்ஸ், இப்போது அம்ராஸ்கா பைகுட்டுலா. ஆள் ஒன்று, பத்திரம் மூன்று. குடும்பப் பேரும் இப்படி மாறியதுதான்: இன்றைக்கு சிகாடெல்லிடே என்பதைப் பழைய நூல்கள் ஜாசிடே என்றுதான் சொல்லும், கடைக்காரர் வாயில் அந்தப் பேர் இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான். பழைய நூலில் தேடும்போது ஜாசிடே என்று தேடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் அகப்படாது.

இந்தப் பேர் மாற்றங்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்த வில்லங்கச் சான்றுதான் மெட்காஃப் தொகுத்த பட்டியல். அமெரிக்காவில் வட கரோலினாவில் இருந்த ஸீனோ மெட்காஃப் 1956இல் இறந்துபோனார். இலைத் தத்துப்பூச்சிகளுக்கான பதினேழு பாகங்களும் அவர் போன பிறகு 1962 முதல் 1968 வரை வெளிவந்தன. மரத் தத்துப்பூச்சிகளுக்கு ஃபங்க்ஹவுசர் 1927இல் ஒரு பட்டியல் போட்டார், மெக்கேமி 1998இல் அதைப் புதுப்பித்தார். இவை எதையும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. இப்போது வேர்ல்ட் ஆக்கினோரிங்கா டேட்டாபேஸ் என்று இணையத்தில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது, டிமிட்ரியேவ் என்பவர் நடத்துவது, பேரைத் தட்டினால் பழைய பேர்கள், முதலில் எழுதிய கட்டுரை எல்லாம் வந்து நிற்கும். பேரைத் தேடுவதற்கு முன்னால் ஸ்பெல்லிங்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு எழுத்து மாறினால் நீங்கள் வேறு கண்டத்தில் போய் நிற்பீர்கள்.

சரி, இப்போது உங்கள் மாமரத்துக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியின் சூடே அங்கேதான். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா ரக மாமரம் தை, மாசியில் பூ எடுக்கும்போது மரத்தடியில் நடந்தால், மேலே இலையில் லேசாகத் தூறல் விழுகிற மாதிரிச் சடசடவென்று சத்தம் கேட்கும், அது இவை குதித்து இலையில் மோதுகிற சத்தம். கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பாகப் பளபளக்கும், பத்து நாளில் அதன் மேலே கரும்பூசணம் படரும். மருந்துக் கடையில் எல்லாம் ஒரே தத்துப்பூச்சிதான், ஒரே மருந்துதான். ஆனால் பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்வதே மூன்று இனம்.

ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும், இந்த மூன்றையும் ஓரளவுக்குப் பிரிக்கலாம். பூச்சியை முதுகுப் பக்கமாகப் பாருங்கள். இரண்டு இறக்கையும் சேருகிற இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன முக்கோணத் தகடு இருக்கும், அதை ஸ்கூட்டெல்லம் என்பார்கள். மூன்றிலும் பெரியதாக, வெளிர் பழுப்பாக, அந்த முக்கோணத்தில் இரண்டு கரும்புள்ளியோடு இருந்தால் அம்ரிட்டோடஸ் அட்கின்சோனி. முக்கோணத்தில் மூன்று புள்ளி, இறக்கையின் குறுக்கே வெள்ளைப் பட்டை மாதிரி என்றால் இடியோஸ்கோபஸ் நிட்டிடுலஸ். பழைய நூல்களில் நிவியோஸ்பார்ஸஸ் என்று வருவதும் இதுவேதான். லெத்தியரி 1889இல் வைத்த அந்தப் பேரை வாக்கர் 1870இல் வைத்த பேர் தள்ளிவிட்டது. மூன்றிலும் சின்னது, தலையுச்சியில் கரும்புள்ளிகளோடு, இடியோஸ்கோபஸ் கிளைப்பியாலிஸ்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அப்புறம் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் இங்கேதான். விரக்தமத் என்கிற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்து, இந்தியத் தத்துப்பூச்சி என்றாலே உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற பேர். அவர் 1976இல் அட்கின்சோனிக்கு அச்சு அசல் கூடப்பிறந்தது மாதிரி இருக்கிற அம்ரிட்டோடஸ் பிரெவிஸ்டைலஸ் என்ற இனத்தை விவரித்தார். பேரிலேயே விஷயம் இருக்கிறது: ஆணின் உறுப்பில் ஸ்டைல் என்ற பாகம் குட்டையானது. அதே ஆசிரியர் மாமரத்து இடியோஸ்கோபஸிலும் மேலும் சில இனங்களைப் பிரித்தார். ஆக, முதுகில் இரண்டு புள்ளியைப் பார்த்தவுடனே அட்கின்சோனி என்று எழுதினால், சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். என் பெட்டியில் தேறாமல் போனதில் சில இதுதான்.

அதனால் பூச்சியைப் பிடிக்கும்போதே ஆணாகப் பார்த்துப் பிடியுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் பெண்ணுக்கு வயிற்றின் நுனியில் நீளவாக்கில் வாள் மாதிரி முட்டையிடும் உறுப்பு தெரியும், ஆணுக்கு அது இல்லை, இரண்டு தகடு மட்டும் இருக்கும். ஆணின் வயிற்றுப் பகுதியைத் தனியாகக் கழற்றி, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் சதை கரைந்து கூடு மட்டும் தெளிவாக நிற்கும். தண்ணீரில் அலசி, கிளிசரின் சொட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஏடீகஸ் என்ற பாகம் கொக்கியாகவோ, கிளை விட்டோ தெரியும். அந்த வடிவத்தைத்தான் கட்டுரையில் உள்ள படத்தோடு ஒப்பிடணும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கரைசல் பூச்சியின் சதையை மட்டும் கரைப்பதில்லை. பார்த்து முடித்ததும் வயிற்றுப் பகுதியைத் தூக்கி எறிந்துவிடாமல், சின்னக் குப்பியில் கிளிசரினோடு அதே குண்டூசியில் குத்திவையுங்கள். அதைத் தனியே விட்டால் உங்கள் அடையாளத்தை நாளைக்கு யாரும் சரிபார்க்க முடியாது.

இனி அந்தப் புலப்படம். எந்தக் கிளைக் குடும்பம், எந்தப் பிரிவு என்று வழிகாட்டுவதற்கு டீட்ரிக் 2005இல் ஃப்ளோரிடா என்டமாலஜிஸ்ட் என்ற இதழில் எழுதிய திறவுகோலைத்தான், அதாவது இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது என்று படிப்படியாகப் பேருக்குக் கொண்டுபோகும் பட்டியலைத்தான், நான் யாருக்கும் முதலில் கொடுப்பேன், பதினாறு பக்கம், இலவசம். இதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், போன் திரையில் திறவுகோல் படிப்பது கண்ணுக்குக் கேடு. டெல்டோசெஃபாலினே என்ற பெரிய கூட்டத்துக்குள் போய்விட்டால், சாஹ்னிசரும் டீட்ரிக்கும் 2013இல் எழுதிய விரிவான ஆய்வு இருக்கிறது, அதுவும் இலவசமே. கத்தரியில் சிற்றிலை நோயைப் பரப்புகிற ஹிஷிமோனஸ் ஃபைசிட்டிஸ் இந்தக் கூட்டத்துக்காரன். டிஸ்டன்ட் 1908இல் வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தது. அந்தப் பேரினத்தை விரக்தமத்தும் ஆனந்தமூர்த்தியும் 2014இல் முழுசாகத் திருத்தி எழுதினார்கள். பாலக்கோடு பக்கம் கத்தரி போடுகிறவர்கள் யாராவது பூச்சி சேகரித்தால் அந்தக் கட்டுரை கட்டாயம் வேண்டும்.

வெண்டைத் தத்துப்பூச்சி மாதிரி மெல்லிய, மூன்று மில்லிமீட்டர் கூட்டத்துக்கு சோஹியும் டுவோரகோவ்ஸ்காவும் 1983இல் இந்திய இனங்களைத் தொகுத்தது. இதில் பின் இறக்கையை விரித்து நரம்பு பார்க்கணும். கை நடுங்குகிறவர்கள் ஒதுங்கிவிடலாம், நான் ஒதுங்கிவிட்டேன். நெல்லுக்கு வில்சனும் கிளாரிட்ஜும் 1991இல் எழுதிய கையேடு. அடையாளம் காண்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் இந்தத் துறையில் ஒன்று சொல்லு என்றால் இதைச் சொல்வேன், ஆனால் அது நெல்லோடு நின்றுவிடும். நெல்லுப் பச்சைத் தத்துப்பூச்சியில் விரெசன்ஸ், நைக்ரோபிக்டஸ் என்ற இரண்டும் இம்பிக்டிசெப்ஸ், அப்பிகாலிஸ் என்று பேர் மாறி மாறி அலைந்ததை, மூல மாதிரிகளையே, அதாவது முதலில் பேர் வைத்தபோது கையில் இருந்த பூச்சிகளையே, எடுத்துப் பார்த்து 1971இல் கௌரி தீர்த்துவைத்தார். அதற்கு முந்திய நெல் நூல்களில் பச்சைத் தத்துப்பூச்சியின் பேரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

துவரையில் உள்ள கொம்புப் பூச்சிக்குத்தான் நல்ல செய்தி. அதற்கு நீங்கள் கேட்ட மாதிரி ஒரே புத்தகம் உண்மையிலேயே இருக்கிறது. அனந்தசுப்பிரமணியன் எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வகம் (ஜூவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா) 1996இல் வெளியிட்ட மெம்ப்ராசிடே தொகுதி. சென்னை லயோலா கல்லூரியில் அனந்தகிருஷ்ணனோடு சேர்ந்து வேலை செய்தவர், நம்ம தென்னாட்டுச் செடிகளில் கிடைத்த பூச்சிகளை உயிரோடு பார்த்து எழுதியவர். அந்த வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எந்தச் செடியில், எந்த எறும்போடு என்றெல்லாம் இருக்கும். ஆய்வகத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் துவரையில் இருப்பது பெரும்பாலும் ஆக்ஸிராக்கிஸ் டரான்டஸ் ஆகத்தான் இருக்கும், கருவேல மரத்து இளங்குச்சியிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கீழே குஞ்சுகள், சுற்றி எறும்புகள். நேராகக் கையை வைத்தால் குச்சியின் மறுபக்கத்துக்கு நகர்ந்து ஒளிந்துகொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பிடிக்கணும். கொம்பைப் பார்த்து மட்டும் பேர் வைக்காதீர்கள், ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நீளம் மாறும். முதுகின் பின்பக்கம் நீளும் முள்ளைப் பக்கவாட்டில் பாருங்கள்: ஆக்ஸிராக்கிஸில் அது உடம்போடு ஒட்டிப் போகும், முக்கோணத் தகடு வெளியே தெரியாது. லெப்டோசென்ட்ரஸில் முள் வில்லாக வளைந்து மேலே எழும்பும், நடுவில் இடைவெளி தெரியும், முக்கோணமும் தெரியும். இந்த ஒரு பார்வையில் பாதிக் குழப்பம் தீரும். இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் வாலஸும் டீட்ஸும் 2004இல் சென்ட்ரோட்டினே என்ற கிளைக் குடும்பத்தையே அலசினார்கள். நம்ம பக்கத்துக் கொம்புப் பூச்சிகள் அத்தனையும் அதற்குள்தான் வரும்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சுவாரசியம் இருக்கிறது. 1930களில் சந்தன மரத்தில் ஸ்பைக் என்ற நோய் பரவியபோது எந்தப் பூச்சி பரப்புகிறது என்று கண்டுபிடிக்க, வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் சந்தன மரத்தில் உட்காருகிற ஒவ்வொரு பூச்சியையும் சேகரித்தார்கள். சேகரித்த இடங்களில் இரண்டு: குடகில் ஃப்ரேசர்பேட்டை, வடசேலத்தில் ஐயூர். அந்த ஐயூர் நம்ம தேன்கனிக்கோட்டைக் காடுதான். தருமபுரி 1965இல் தனி மாவட்டமாகி, கிருஷ்ணகிரி 2004இல் அதிலிருந்து பிரிந்ததால் பழைய லேபிளில் வட சேலம் என்று இருப்பதைப் பார்த்து இது நம்ம மண் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த வரிசையில் மரத் தத்துப்பூச்சிகளைப் பற்றி 1933இல் எழுதியவர் முன்னே சொன்ன அதே ஃபங்க்ஹவுசர், இருந்த இடம் அமெரிக்காவில் கென்டக்கி. நீங்கள் ஐயூர்ப் பக்கம் போய் ஒரு கொம்புப் பூச்சி பிடித்தால், தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பேர் எழுதப்பட்ட கூட்டத்தின் பேரப்பிள்ளைகளைப் பிடிக்கிறீர்கள்.

போன் செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். போட்டோ போட்டால் பேரினம் வரைக்கும் சில நேரம் சரியாகச் சொல்லும். இனத்தின் பேரும் சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு வயிற்றுக்குள் பார்க்கத் தெரியாது. குஞ்சுகளுக்கு இந்த நூல்களில் அநேகமாக ஒன்றும் இல்லை, எல்லாம் இறக்கை வந்த பூச்சிக்கு எழுதியவை. எந்தச் செடிக்கு எந்தப் பூச்சி வரும் என்ற ஆரம்ப ஊகத்துக்கு ராமகிருஷ்ண அய்யர் 1940இல் தென்னிந்தியாவுக்கென்று எழுதிய பொருளாதாரப் பூச்சியியல் கையேடு இன்றைக்கும் நல்ல துணை. அதில் வரும் பேர்களை மட்டும் தரவுத்தளத்தில் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மறுபதிப்புக்கு ஒதுக்கிய காசில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, மெல்லிய இடுக்கி ஒன்று, கிளிசரின் ஒரு பாட்டில், குண்டூசி ஒரு டப்பா வாங்குங்கள், மீதியும் இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் எந்தக் கல்லூரியிலாவது விலங்கியல் துறையில் கேட்டால் சனிக்கிழமையில் விடுவார்கள். லேபிளில் ஊர், தேதி, மரத்தின் பேர், பிடித்தவர் பேர் நான்கையும் பென்சிலில் எழுதுங்கள், பூச்சியை ஆல்கஹாலில் போட்டுவைத்தால் பேனா மை கரைந்துவிடும். மாம்பூச்சி ஆண் ஐந்தாறு, துவரைப் பூச்சி ஆணும் பெண்ணும் இரண்டிரண்டு சேர்ந்ததும், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று படம் எடுத்துப் போடுங்கள், முதுகுப் படம் மட்டும் போட்டால் நானும் ஊகம்தான் சொல்வேன்.